ராணியின் விரல் கட்டு

பங்குனி 4, செவ்வாய்

தூறல். லா சப்பல் சங்க மண்டபத்தில் பிரெஞ்சு வகுப்பு. இரண்டு வருடம் அங்கே மாணவன். இன்றிலிருந்து உதவி ஆசிரியர், சம்பளமில்லாமல். வயது அறுபத்தெட்டு. எழுதிப் பார்க்கவே சிரிப்பு வருகிறது.

பிரெஞ்சு எழுத்து அங்கே படித்தது. தமிழ் எழுத்து பாக்கியம் வீட்டில் சொல்லித் தந்தது. மனைவிதான், ஆனால் கண்டிப்பான வாத்தியார்; அடி மட்டும்தான் இல்லை.

கொண்டுபோனவை: பென்சில் 6, அழிறப்பர் 2, இருமல் இனிப்பு.

ஆசிரியை மதாம் கிளேர் (இனி ம.கி.; முழுவதும் எழுதக் கை நோகிறது) தமிழ் மேசையை என்னிடம் தந்தார். மூன்று பேர். பிரெஞ்சுச் சொல்லுக்குப் பக்கத்தில் தமிழில் பொருள் எழுத வேண்டும். ம.கி.யின் முறை அது. இருவர் எழுதினார்கள். ராணி என்ற பெண், ஐம்பது வயதிருக்கும், சுட்டுவிரலில் கட்டு. வெங்காயம் வெட்டும்போது கத்தி பட்டதாம், எழுத முடியாதாம். பாவம்.

பங்குனி 8, சனி

நல்ல வெயில். ராணியின் கட்டு இன்று நடுவிரலில். சுட்டுவிரலில் ஒரு கீறல்கூட இல்லை.

முப்பத்தைந்து வருடம், விண்ணப்பம் நிரப்பும் இடங்களுக்கெல்லாம் கையில் துணி சுற்றிக்கொண்டு போனவன் நான். பார்த்தவர்கள் இரங்கி எழுதித் தருவார்கள். ஆனால் எப்போதும் ஒரே விரல். ராணிக்குப் பழக்கம் போதாது.

தமிழர் என்றால் தமிழ் எழுதுவார்கள் என்று ம.கி. நினைக்கிறார். எங்கள் ஆட்களும் அப்படித்தான் பெருமை பேசுவார்கள். அதனால்தான் எங்களைப் போன்றவர்கள் வாய் திறப்பதில்லை.

பங்குனி 11, செவ்வாய்

ராணி வரவில்லை.

பங்குனி 15, சனி

இன்றும் இல்லை. தொடர்ந்து மூன்று வகுப்பு விட்டால் இடம் அடுத்தவருக்கு. அவளுடைய வதிவிட அட்டைக்கு இந்தப் படிப்பு வேண்டும் என்று பக்கத்தில் இருப்பவள் சொன்னாள்.

கடைக்குப் பட்டியல் எழுதினேன். என் கையால். அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். பாக்கியத்திடம் ஏச்சு.

பங்குனி 17, திங்கள்

ரூ பெர்தொனே தெரு. தேவனின் சாப்பாட்டுக் கடைக் குசினியில்தான் ராணிக்கு வேலை என்று வகுப்பில் சொன்னார்கள்; முன்பக்கத்தில் இருக்கும் நான் கண்டதில்லை. ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தாள். தேவன் பக்கத்திலேயே. இருபது வருடமாக அங்கே தேநீரும் பேப்பருமாக உட்கார்ந்து அவனுக்குச் செய்தி சொல்பவன் நான். வாசல் வரை திரும்பிப் போனேன். பிறகு வந்தேன்.

"தங்கச்சி, அறுபத்தாறு வயசு வரைக்கும் எனக்கும் எழுத வாசிக்கத் தெரியாது. தமிழும்தான்."

அவள் கை நிற்கவில்லை. தேவன்தான் வேலையை நிறுத்தினான்.

"அண்ணை, அப்ப பேப்பரிலை கிடக்கெண்டு எனக்குச் சொன்னதெல்லாம்?"

"ரேடியோவிலை கேட்டது."

"அதுதானே, எலெக்சன் முடிவைப் பிழையாச் சொன்னனியள்."

ராணி சிரித்தாள். பிறகு, தலை நிமிராமல்: "வகுப்பெடுக்கிற அந்த மனுசிக்கு இதை ஆர் சொல்லுறது அண்ணை?"

நான் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். வருவேன் என்றும் சொல்லவில்லை. தேவன் தேநீருக்குச் சீனி போட மறந்துவிட்டான்.

பங்குனி 18, செவ்வாய்

குளிர். அரை மணி நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தாள், எண்ணெய் மணத்தோடு.

ம.கி. பலகையில் எட்டுச் சொற்கள் எழுதி, பொருள் எழுதச் சொன்னார். ராணி எழுந்து நின்றாள். தெரிந்த பிரெஞ்சில் சொன்னாள்: எழுதத் தெரியாது. என் மொழியிலும் தெரியாது. முதலிலிருந்து வேண்டும்.

ம.கி.க்கு முகம் சிவந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பலகையை முழுவதும் அழித்தார். அப்போது பின்மேசையில் மாலி நாட்டுக்காரர் கை தூக்கினார். தானும் அப்படித்தானாம். நான்கு மாதமாக வருகிறவர். அவருக்குப் பின்னால் இன்னொரு பெண்.

முதலிலிருந்து படிக்க மூவரும் என் மேசைக்கு. கதிரை காணாது. நான் நின்றுகொண்டேன்.

ராணி ஒற்றைத் தாளை நேராக வைத்தாள். "எங்கையிருந்து துவங்கிறது, அண்ணை?"

மேலே இருந்து என்றேன்.