காவடியில கட்டின பச்சை நரம்பு

இல்ல, தெரியாமதான் கேக்கறேன், தை மாசம் போய்ச் சேந்தவன் பை ஆனி மாசத்துலயும் ஏன்டா இப்படி நாறுது? ஜிப்பை இழுத்தேன், அவ்ளோதான். ஏரிச் சேறு, பாசி, விரால் மீனோட கொழகொழப்பு, எல்லாம் சேந்து மூஞ்சிலயே அடிச்சிது. நீயே வந்து எதிர்ல நின்ன மாதிரி இருந்திச்சி. தம்பி ஞாபகத்துல அக்கா அழுதுட்டான்னு நெனச்சிக்காத. கோவம்தான் வந்திச்சி.

நேத்து உன் பொண்டாட்டி வந்தா. பொதட்டூர்பேட்டை ஊட்டை காலி பண்ணிட்டு ஆர்.கே.பேட்டைக்கு, அவ அம்மாகிட்டயே போறாளாம். துணிமணி, பாத்திரம் எல்லாம் வண்டில ஏத்திட்டா. இந்த நீட்டு கருப்பு பையை மட்டும் என் வாசப்படியில சாத்தி வச்சிட்டு, "அண்ணி, உங்க தம்பி சொத்து. நீங்களே வச்சிக்குங்க"ன்னா. சொத்தாம். ரெண்டு தூண்டில் கம்பு, ரெண்டு ரீலு, ரப்பர் தவளை ஒரு கூட்டம், சின்ன வட்டுல சுத்தின தூண்டில் நரம்பு ரெண்டு. இதான்டா நாப்பத்தெட்டு வயசு வரைக்கும் தறி ஓட்டி நீ சேத்து வச்ச சொத்து.

சாமி ரூம் பக்கம் வைக்க மனசு வரல. பின்னாடி துணி தொவைக்கற கல்லு மேல கொட்டினேன். நான் தேடினது கம்பையும் இல்ல, ரீலையும் இல்ல. அந்த நரம்பு வட்டு ரெண்டையும்தான். ரெண்டும் பச்சை. ரெண்டும் ஒரே கம்பெனி. ஒன்னை எடுத்து மோந்து பாத்தேன், நாறுது. இன்னொன்னை மோந்து பாத்தேன், அதுவும் நாறுது. அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படிச்சி, புள்ள பெத்து, கட்டிக் குடுத்து, கிருத்திகை தவறாம மலை ஏறினவ, இந்த வயசுல மீன் புடிக்கற நரம்பை பூ மாதிரி மோந்துகினு உக்காந்திருக்கேன். உன்னாலதான்டா.

நீ ஒரு வார்த்தை சொல்லிட்டு செத்திருக்கலாம். புதுசா, பழசா? அவ்ளோதான் நான் கேட்டது.

அமுதாவுக்கு கல்யாணம் ஆயி ஏழு வருசம் வயித்துல ஒன்னும் தங்காம இருந்திச்சே, அப்பதான் நான் வேண்டிகினேன். ஆடிக் கிருத்திகைக்கு புஷ்பக் காவடி எடுக்கறேன், என் பொண்ணு மடியில ஒரு கொழந்தை விழற வரைக்கும் மீனும் கறியும் கையால கூட தொடமாட்டேன், தணிகாசலத்து அப்பனே, நீ கண்ண தொறன்னு. என் ஊட்டுக்காரரு, உங்க பாவாவுக்கு கூட ஊட்ல கறி ஆக்கறதில்ல, ஓட்டல்ல போயி துன்னுட்டு வருவாரு, பாவம். உனக்கும் தெரியும். தெரிஞ்சிகினே மொழ நீளத்துல விராலை தூக்கிகினு வந்து, "அக்கா, பாத்தியா, எப்படி கீறான்?"னு என் நெலைப்படில நின்னவன் நீ. என் குங்குமச் சிமிழுல தூண்டில் முள்ளை போட்டு வச்சவன் நீ. கேட்டா, "மூடி நல்லா இறுக்கமா கீதுக்கா"ன்னு பல்லை இளிச்ச.

அந்த மெட்ராஸ் போன கதையை நான் மறக்கல. காவடிக்கு மயிலிறகும் சலங்கையும் வாங்கணும், பாரிமுனைல மலிவா கிடைக்கும், நான் கூட வரேன்னு நீதான் சொன்ன. தாய்மாமனுக்கு பொறுப்பு வந்துடுச்சின்னு நானும் சந்தோசமா ரயில் ஏறினேன். மயிலிறகு கட்டு கைக்கு வந்ததுதான் தாமதம், "அக்கா, ஒரு நிமிஷம்கா, பக்கத்துல ஒரு கடை"ன்னு இழுத்துகினு போன. உள்ள போயி பாத்தா, பொங்கலுக்கு கரும்பு சாத்தி வச்ச மாதிரி செவுரு முழுக்க தூண்டில் கம்பு.

ஒவ்வொன்னா எடுக்கற. ஆட்டிப் பாக்கற. முனையை கூரைல ஊணி வளைக்கற. "இது சொதசொதன்னு போவுது பாய், வேற குடு"ன்ற. அடுத்ததை வளைச்சிட்டு, "இது வளையவே மாட்டேங்குது, இதுல தவளையை தூரமா வீசவே முடியாது"ன்ற. கால் கடுக்க நிக்கறேன். "எதுனா ஒன்னை எடுத்துகினு வாடா"ன்னா, என்னை ஏதோ ஒன்னும் தெரியாதவ மாதிரி பாத்து பாடம் எடுக்கற.

"அக்கா, முனை மட்டும் வளையணும். இடுப்பு வளையக் கூடாது. விரால் தவளைய முழுங்கினதும் தாமரைக் கொடிக்குள்ள பூந்துடுவான். ஒரே இழுப்புல வெளிய தூக்கணும். சொங்கிக் கம்பை வச்சினு தூக்க முடியுமா?"

"அமுதாவுக்கு மாப்ள பாக்க சொல்லொ இவ்ளோ பாத்தியாடா நீ? ரெண்டு போண்டாவ துன்னுட்டு, நல்ல பையன்கான்னு எழுந்து வந்தவன்தானே?"

கடைக்கார பாய் சிரிச்சிட்டாரு. "அம்மாவுக்கும் ஒன்னு எடுத்துத் தரட்டுமா?"ன்னு வேற கேட்டாரு. நான் மீனை கண்ணால பாக்காத விரதத்துல இருக்கறவ பாய்ன்னேன். மனுசன் பாவம், கன்னத்துல போட்டுகினாரு.

அப்பால ரீலு. கம்புக்கு மேல டப்பா மாதிரி உக்கார்றது ஒன்னு, அடியில தொங்கறது ஒன்னு. மேல உக்கார்றதுல நரம்பு சிக்கிகினா குருவிக்கூடு மாதிரி ஆயிடும், பிரிக்கறதுக்குள்ள பொழுதே போயிடும்னு நீயே சொல்லிட்டு, அதையே கால் மணி நேரம் சுத்தி சுத்தி காதுகிட்ட வச்சி கேக்கற. கடைசில தொங்கறதைத்தான் வாங்கின. அப்பால நரம்பு. "ஒத்தை இழை தங்கூசி நரம்பு வாணாம் பாய், ரப்பர் மாதிரி இழுக்குது, முள்ளு வாயில ஏறமாட்டேங்குது. பின்னல் நரம்பு குடு. பச்சை. பாசியோட பாசியா தெரியாம இருக்கணும்." எட்டு இழைய ஜடை மாதிரி பின்னியிருக்காம். ரெண்டு கையாலயும் புடிச்சி இழுத்து எனக்கு காட்டின. "நாப்பது பவுண்டு தாங்கும்கா. யானை கூட அறுக்க முடியாது." நாலு மணி வண்டி போயே போச்சி. மயிலிறகு கட்டு உன் கம்புல மாட்டி மூணு இறகு ஒடிஞ்சிது. ஒடிஞ்சதை நீ வீசிட்ட, நான் குனிஞ்சி பொறுக்கினேன். அன்னைக்கே நான் சுதாரிச்சிருக்கணும்.

நம்ம ஊட்டு வழக்கம், பொண்ணுக்காக எடுக்கற காவடியை அந்தப் பொண்ணோட தாய்மாமன் கையாலதான் கட்டணும். நைனா இருந்த காலத்துலேர்ந்து அப்படித்தான். அதனாலதான் உன்னை கட்ட விட்டேன். நூல் கயிறு புதுசா வாங்கி, மஞ்ச தடவி, தட்டுல வச்சிருந்தேன். நான் உள்ள பொங்கல் வச்சிகினு இருந்தேன். வந்து பாக்கும்போது மல்லியும் சாமந்தியும் மூடி, காவடி தேரு மாதிரி நின்னுச்சி. எதால கட்டினன்னு யாரு பூவை வெலக்கிப் பாப்பாங்க? தோள்ல ஏத்திகினு அரோகரான்னு கெளம்பிட்டேன்.

பாதி படியில புடிச்சிது பாரு ஆடிக் காத்து. எனக்கு முன்னாடி போன பொம்பள காவடி சாஞ்சி, பூவெல்லாம் பறந்து, அவ அழுதுகினே அள்ளினா. என் காவடில ஒரு இதழு அசையல. முருகன் புடிச்சினு கீறான்னு எனக்கு உடம்பு சிலுத்திச்சி. நீ பின்னாடியே தண்ணி பாட்டிலை தூக்கிகினு வந்த. மேல போயி, சாமி பாத்து, காவடி எறக்கி, பூவை பிரிக்க வெரல விட்டேன். சுருக்குன்னு அறுத்திச்சி. ரத்தம். பாத்தா பச்சை நரம்பு.

"இன்னாடா இது?"

"நரம்புக்கா. நூல் கயிறு ஈரத்துல தளந்துடும். அதான்."

"மீன் நரம்பா?"

"விரால் நரம்பு."

"டேய், எந்த வட்டுலேர்ந்து எடுத்த? புதுசா? ஏரில போட்டதா? சொல்லுடா, மீன் பட்டதா?"

சுத்தி இருக்கறவங்க பாக்கறாங்க. நீ இன்னா பண்ண? சிரிச்ச. "உன் முருகனே கோச்சிக்காம இவ்ளோ தூரம் சொமக்க விட்டாரு. உனக்கு இன்னாக்கா? வேணும்னா மோந்து பாரு"ன்னுட்டு பிரசாதம் வாங்க போயிட்ட. ஒரு வருச விரதம்டா. என் பொண்ணு வயிறுடா. உனக்கு அது வெளையாட்டு.

அன்னைக்கு நிறுத்தினேன் உன்கிட்ட பேச்சை. தீவாளிக்கு வந்த, எலை போட்டேன், பேசல. அமுதா முழுகாம இருக்கான்னு சொன்னதும் ஸ்வீட் பாக்கெட்டோட ஓடி வந்து, "பாத்தியாக்கா, நரம்பு வேலை செஞ்சிடுச்சி"ன்ன. அப்பவும் பதில் சொல்லல. தப்புன்னு இன்னைக்கும் சொல்லமாட்டேன். கேட்டதுக்கு பதில் சொல்லாதவன்கிட்ட நான் ஏன் பேசணும்? தை மாசம் நெஞ்சு வலின்னு தறி பக்கத்துலயே சாஞ்சிட்டன்னு போன் வந்திச்சி. சொல்ல வேண்டியதை சொல்லாம ஓடிப் போறதுல உன்னை யாரும் மிஞ்ச முடியாது. வளைகாப்புக்கு மொத வளையல் போட வேண்டிய கை, தாய்மாமன் கை. அந்த எடத்துல ஒன்னுவிட்ட பெரியப்பா பையனை நிக்க வச்சேன். அமுதா அவனை பாக்காம வாசலையே பாத்துகினு இருந்தா. அதுக்கு நான் உன்னை மன்னிக்கவே போறதில்ல.

இப்போ அவளுக்கு ஒம்பதாம் மாசம். போன வாரம் ஸ்கேன் எடுத்து, கொழந்தை தலை இன்னும் கீழ திரும்பலன்னாங்க. டாக்டரம்மா, "பயப்படாதீங்க, டைம் இருக்குது"ன்னாங்க. நான் எப்படிடா பயப்படாம இருப்பேன்? எனக்கு ராத்திரி பகலா ஒன்னுதான் ஓடுது. மீன் பட்ட நரம்பை கட்டி சாமிகிட்ட போயிட்டேனா? வேண்டுதல் குறையா நின்னுடுச்சா? அதுக்குத்தான் திரும்பாம கீதா?

உன் கூட்டாளி தேவராஜை வரச்சொன்னேன். சர்ச் தெருவுலேர்ந்து சைக்கிள்ல வந்தான். ரெண்டு வட்டையும் குடுத்து, "எது புதுசு, எது பழசு, பாத்து சொல்லுப்பா"ன்னேன். வெளிச்சத்துல புடிச்சான், நகத்தால உருவினான்.

"அக்கா, தண்ணில போட்ட நரம்பு வெளுத்துப் போவும், பஞ்சு மாதிரி மயிரு கெளம்பும். இது ரெண்டுமே அப்படித்தான் கீது. ஆடிக்கு அப்பால ரெண்டையும் மாத்தி மாத்தி போட்டான்."

"ஆடிக்கு முன்னாடி?"

"அத்த ஆண்டவர்தான் அறிவாரு."

"உங்க ஆண்டவரா, எங்க ஆண்டவரா?"

"யாருக்கு தெரியுதோ அவரு"ன்னான். கம்பை எடுத்து ஒரு தரம் வளைச்சிப் பாத்துட்டு, மூஞ்சைத் திருப்பிகினான். வேணும்னா எடுத்துகினு போடான்னேன். வாணாம்கான்னு ஓடியே போயிட்டான். அவனும் உன்னை மாதிரிதான்.

குருக்களை கேட்டேன். மனசு சுத்தமா இருந்தா போதும்மான்னாரு. என் மனசுக்கு இன்னா கொறை? நரம்புதானே கேக்கறேன்.

அதனால முடிவு பண்ணிட்டேன். வர ஆடிக் கிருத்திகைக்கு மறுபடியும் காவடி. முட்டி தேஞ்சி போச்சி, படி ஏறாதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்க பாவா, "பஸ்ல மேல போயி நாலு அடி தூக்கு, முருகன் கணக்குல எடுத்துப்பாரு"ன்றாரு. முடியாது. படியிலதான் ஏறுவேன். உக்காந்து உக்காந்து ஏறுவேன். எவன் கையும் வாணாம், நானே கட்டுவேன். தாய்மாமன் இல்லாத பொண்ணுக்கு அம்மா கை ஆவாதுன்னு எந்த சாமி சொல்லிச்சி? இன்னைக்கு சாயங்காலமே நூல் கயிறு வாங்கியாந்து, காவடியை மணை மேல வச்சி, கட்டிப் பழகினேன். வழுக்குது. ஒரு முடிச்சி நிக்கல. நீ எப்படி அவ்ளோ இறுக்கமா போட்டன்னு யோசிச்சினே வெரலை நாக்குல வைக்கப் போயி, சீ, சாமி காவடியில எச்சிலான்னு கையை இழுத்துகினேன்.

இரு. இருடா.

நீ எச்சில் பண்ணித்தான்டா எந்த நரம்பையும் முடிச்சி போடுவ. வாயில வச்சி நனைச்சிட்டு இறுக்குவ. காஞ்ச முடிச்சை இழுத்தா சூடேறி அறுத்துக்கும்னு சொல்லுவ. உன்னை அப்படி பாத்து பாத்து எனக்கு கொமட்டும். காவடி கட்டின அன்னைக்கு காலைல நான் அடுப்புகிட்ட நிக்கறேன். கூடத்துலேர்ந்து நீ கூப்ட்ட. "அக்கா, ஒரு கிண்ணத்துல மஞ்சத்தண்ணி குடு." எதுக்குன்னு கூட கேக்காம வச்சிட்டு போயிட்டேன். அப்பால கிண்ணத்தை எடுக்க வந்தேன். முடிச்சி முடிச்சியா நனைச்சி, தண்ணி பாதிக்கு கொறஞ்சிருந்திச்சி. உன் வெரலு பத்தும் மஞ்சளா இருந்திச்சி.