உறை வழியே கசிந்த மின்சாரம்

அன்பு மகள் சின்னுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, கட்டுப் பிரித்ததும் என்னைப் பார்த்து, "உனக்கு இவ்வளவு நரைச்சிருக்கா, சொல்லவே இல்லையே" என்றார், வாய் மட்டும் குறையவில்லை. இதையெல்லாம் போனில் சொல்லியிருப்பேன், ஆனால் அடுத்துச் சொல்ல வந்ததை, உன் குரலைக் கேட்டால் சொல்லாமல் வேறு எதையோ பேசி வைத்துவிடுவேன், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன மாதம் ஆய்வுக்கூடத்தில் அழுத்தக் கலத்தைக் கழுவித் துடைத்து, மணலும் ஹைட்ரேட்டும் வைக்காமல் வெறுமனே மூடிக் குளிரவைத்து மின்சாரம் விட்டுப் பார்த்தேன். மீத்தேன் வாயுவைப் பூட்டி வைத்திருக்கும் கடலடிப் பனிக்கட்டியான அந்த ஹைட்ரேட்டை அப்பா இன்னும் எரிகிற ஐஸ் என்றுதான் சொல்கிறார். உள்ளே ஒன்றும் இல்லாதபோது மீட்டர் அசையக் கூடாது. அசைந்தது. கழற்றிப் பார்த்தால், இரண்டு தகடுகளுக்கும் நடுவே உள்ள பிளாஸ்டிக் உறையில் தலைமுடி அளவு கீறல், அதில் உப்பு ஈரம் ஏறி மின்சாரம் அந்த வழியாகவும் போயிருக்கிறது. அந்த உறையை நான்கு வருடத்துக்கு முன் மாட்டியது நான்தான், நீ ஆராய்ச்சிப் பட்டத்துக்கு எழுதி முடிக்கிற வாரம். "அம்மா, வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த எண் வேணும்" என்றாய். வெறும் கலத்தைச் சோதிக்க இரண்டு நாள் பிடிக்கும், சோதிக்காமலே, ஹைட்ரேட் எவ்வளவு மின்சாரம் கடத்தும் என்று அளந்து கொடுத்துவிட்டேன். நீ கேட்டது தப்பில்லை சின்னு, அவசரப்பட்டது நான்.

புது உறை மாட்டி, வெறும் கலத்தைச் சோதித்துவிட்டு, மூன்று முறை அளந்தேன். ஹைட்ரேட் கடத்தும் மின்சாரம் நான் உனக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. என் எண் பெரிதாக இருந்ததால், கடலடி மண்ணில் மின்சாரம் தடைபடுவதை வைத்து நீ போட்ட கணக்கும் பெருகிவிட்டது, ஹைட்ரேட்டே அவ்வளவு கடத்தும் என்றால் அந்தத் தடைக்கு நிறைய ஹைட்ரேட் இருந்தாக வேண்டும் என்றல்லவா கணக்கு சொல்லும், உன் வரைபடத்தில் நீ சிவப்பாகத் தீட்டிய இடங்களில் அவ்வளவு ஹைட்ரேட் இருக்காது. எங்கள் ஆய்வுக்கூட டைரக்டரிடம் போய்ச் சொன்னேன். "நாலு வருஷமா யாரும் கேக்கலை, நீங்களா ஏன் மேடம் கிளறுறீங்க?" என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அந்தப் பேச்சு இனித்தது. உன் வேலை நிரந்தரமாகிற நேரம், அது முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று நான்கு நாள் வாய் திறக்கவில்லை. அப்பாதான் என் முகத்தைப் பார்த்துக் கேட்டுக் கேட்டு வாங்கினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு வந்து, "இப்ப மறைச்சா அவளையும் சேத்துப் பொய்க்காரி ஆக்குற" என்றார்.

திருத்தத்தை எழுதி முடித்துவிட்டேன், தவறு என்னுடையது என்று முதல் வரியிலேயே இருக்கிறது. இருபதாம் தேதி, அந்த அளவு வெளியான ஆராய்ச்சி இதழுக்கு அனுப்புகிறேன், நீ வேண்டாம் என்றாலும் அனுப்புவேன். அதற்குள் நீயே உன் மேலதிகாரியிடம் போய்ச் சொல்லிவிடு, வேறு யார் வாயாலும் அவர் கேட்கக் கூடாது. புது அளவுகள் எல்லாம் இத்துடன் வைத்திருக்கிறேன். என்மேல் கோபம் வந்தால் அடக்கி வைக்காதே, நாலு பக்கத்துக்குத் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன், ஆனால் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

எந்தக் குறையும் இல்லாமல், தலை நிமிர்ந்து நீ நெடுநாள் வாழ வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. இந்தப் புது எண்ணையும் அம்மா கொடுத்தது என்று அப்படியே எடுத்துக்கொள்ளாதே, வேறு ஓர் ஆய்வுக்கூடத்தில் கொடுத்து அளக்கச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா