திரும்பக் கொண்டுபோய் விட்டவர்

இக்காலுயிட்,
நவம்பர் 3

அன்புள்ள பிரதீபாவுக்கு,

நீரும் மகள் அட்சயாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் போன் நம்பரை நீர் தடுத்து வைத்திருப்பதால் பேனாவைத் தூக்கியிருக்கிறேன். இந்த வடதுருவ ஊரில் மூச்சு விட்டால் மீசையில் பனி உறைகிறது. டாக்சி ஓட்டம் பரவாயில்லை.

தினமும் என் வண்டியில் ஏறுகிறவர் எலிசபி என்ற, இந்தப் பனிநிலத்துப் பூர்வகுடியான இன்னுயிட் பெண். சட்டசபை உறுப்பினர். கடல்நாய் வேட்டைக்காரர் கூடாரத்தில் பிறந்தவர். சின்ன வயதில் அரசாங்க ஆட்கள் பிடித்துக்கொண்டுபோய் விடுதிப் பள்ளியில் போட்டார்களாம். தாய்மொழி பேசினதற்குக் கன்னம் வீங்க அடி. இப்போது சபையில் அந்த மொழியில்தான் முழங்குகிறார். நின்ற தேர்தலெல்லாம் வென்றவர். இங்கே கட்சிகள் இல்லை. உறுப்பினர்களே கூடி வாக்களித்து முதல்வரைத் தெரிவார்கள். இம்முறை இவர்தான் என்று ஊரெல்லாம் பேச்சு.

நான் கை நீட்டினது பிழைதான். நீரும் கொஞ்சம் வாயை அடக்கியிருக்கலாம். பொங்கலுக்கு வீட்டுக்கு வரட்டுமா?

அன்புக் கணவன்,
கிருபன்

மோர்னிங்சைட்,
நவம்பர் 12

கிருபனுக்கு,

அட்சயா சுகம். எலிசபி முதல்வரானால் எழுதுங்கள், சந்தோசப்படுவேன். பொங்கலைப் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை. பயமாக இருக்கிறது.

பிரதீபா

இக்காலுயிட்,
டிசம்பர் 20

அன்புள்ள பிரதீபாவுக்கு,

எனக்கு நடந்த அநியாயத்தைக் கேளும். முதல்வர் தெரிவு நாள் காலை எலிசபி ஓடிவந்து வண்டியில் ஏறினார். உதடு கிழிந்து, கோட்டெல்லாம் இரத்தம். புருசன் அடித்திருக்கிறான். பொலிசுக்குப் போகச் சொன்னார். "அக்கா, வீட்டு விசயம் வெளியில போனால் உங்களுக்குத்தான் வெக்கம். நான் கதைச்சுச் சமாதானப்படுத்திறன்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லி, வண்டியை அவர் வீட்டுக்கே திருப்பினேன். புருசன் வாசலில் அழுதுகொண்டு நின்றான். இருவர் கையையும் சேர்த்துவைத்துவிட்டு வந்தேன். எங்கள் பெரியவர்கள் செய்வதுதானே?

நான் போனதும் அவன் கதவைப் பூட்டிவிட்டு வேட்டைத் துவக்கின் பிடியால் முகத்தில் இடித்திருக்கிறான். தாடை நொறுங்கிவிட்டது, ஒரு கண் போய்விட்டது. முதல்வர் பதவி வேறொருவருக்கு.

அதோடு விட்டாரா? தாடையில் கம்பி கட்டியபடி சபையில் எழும்பி, "என்னை அடித்தவன் ஒருவன். அவனிடம் திரும்பக் கொண்டுபோய் விட்டவன் இன்னொருவன்" என்று பேசினார். வானொலியில் கேட்ட முதலாளி என் கையிலிருந்த சாவியைப் பறித்துவிட்டார். நன்றிகெட்ட பெண்! பொங்கலுக்கு முன்பே வருகிறேன்.

அன்புக் கணவன்,
கிருபன்

மோர்னிங்சைட்,
ஜனவரி 5

கிருபன்,

நீங்கள் என் விலா எலும்பை உடைத்த அன்று நான் வெறுங்காலோடு பனியில் ஓடிப் அடுத்த தெருப் பரிமளம் அன்ரி வீட்டுக்குப் போனேன். அன்ரி தேத்தண்ணீர் தந்து, காரில் ஏற்றி, உங்களிடமே கொண்டுவந்து விட்டார். அவரும் எங்கள் கைகளைச் சேர்த்துவைத்தார். அவருடைய கார் தெருமுனையைத் தாண்டுமுன் என் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினீர்கள். இரத்தம் காதுக்குள் இறங்கியது. அட்சயா பார்த்துக்கொண்டு நின்றாள்.

நேற்று அன்ரி வந்து, "அவன் திருந்திட்டான் பிள்ளை, எயர்போட்டில இருந்து நாங்களே கூட்டிக்கொண்டு வாறம்" என்றார். உங்கள் கடிதத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அன்ரி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். "அவன் வந்தால் பொலிசுக்கு நானே போன் அடிக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எலிசபிக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். அவரைத் திரும்பக் கொண்டுபோய் விட்டவரின் மனைவி என்று கையெழுத்திட்டேன். உங்கள் மனைவி என்று நான் போட்ட கடைசிக் கையெழுத்து அது.

பிரதீபா