பெரட்டுக்களத்தில் வாங்கிய கையெழுத்து

2025 செப்டெம்பர் 2, செவ்வாய்

பன்வில பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய் வந்தேன். கம்பனிகளுக்குச் செயலாளர் வேலை பார்த்துக் கொடுப்பது கண்டியில் எங்கள் அலுவலகத்தின் தொழில். அந்தத் தோட்டக் கம்பனியின் வருடாந்தக் கூட்டம் 15ஆம் திகதி. தொழிலாளர் கையில் நூற்றுக்குப் பத்துப் பங்கு இருக்கிறது. கூட்டத்துக்கு அவர்கள் வருவதில்லை. அவர்கள் சார்பில் கம்பனித் தலைவர் வாக்களிக்கலாம் என்று, ஆங்கிலத்தில் அச்சிட்ட பதிலாள் படிவத்தில் ஒப்பம் வாங்க வேண்டும். வீடு வீடாக ஏறினால் ஒரு வாரம் போகும். நான் நேரே காலைப் பெரட்டுக்குப் போனேன். அங்கேதான் வேலைக்குப் பேர் பதிய எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். 212 படிவம், எழுபது நிமிடம். போன வருடம் மூன்று பேர் நாலு நாள் அலைந்தார்களாம். மடையர்கள்.

எங்கள் அலுவலக மேலாளர் நஸீம் நானா, "மனிசனா மெஷினா நீ?" என்றார்.

செப்டெம்பர் 4, வியாழன்

படிவங்களைக் கணினியில் ஏற்றும்போது கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வரும் ஆறாம் தீர்மானத்தை வாசித்தேன். இப்போதுதான்.

லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் தொழிலாளர்கள் மரக்கறி போடும் பதினொரு ஏக்கர். அதை முப்பது வருடக் குத்தகைக்கு ஒரு ஹோட்டல் கம்பனிக்குக் கொடுப்பது. ஹோட்டல், தலைவரின் மருமகனுடையது. சொந்தக்காரர் விவகாரம் என்பதால் தலைவர் கையிலுள்ள மீதிப் பங்குகளுக்கு இதில் வாக்கில்லை. மற்றப் பங்குதாரர்தான் முடிவு செய்ய வேண்டும். மற்றவர் என்றால் — என் மேசையிலுள்ள 212 தாள். ‘ஆதரவு’ என்ற கட்டத்தில் அச்சிலேயே சரி போட்டிருக்கிறது.

தாங்கள் பயிர் வைத்த நிலத்தைத் தாங்களே கொடுக்கிறார்கள். வாங்கிக் கொடுத்தவன் நான்.

செப்டெம்பர் 5, வெள்ளி

நஸீம் நானாவிடம் கேட்டேன். "சட்டத்துல என்ன பிழை ஈக்கி? ஒப்பம் அவங்கட. ஒனக்கு ஏன் மகன் இந்தத் தலையிடி?"

பிழை இல்லை. அதுதான் எரிகிறது.

செப்டெம்பர் 7, ஞாயிறு

மறுபடி தோட்டம். வரிசையில் முதல் ஆளாக ஒப்பம் வைத்த பாலாம்பிகை அக்காவைத் தேடிப் போய் விசயத்தைச் சொன்னேன்.

"காணி போகுதா? கோவாக் கன்னு நட்டு ஒரு மாசங்கூட ஆகலையே தம்பி!"

"எதுக்குன்னு கேக்காமலா வெச்சீங்க?" என்றேன். என்ன திமிர் எனக்கு!

"கையெழுத்து வைக்காதவங்களுக்கு இன்னிக்குப் பேரு இல்லன்னு கங்காணி சத்தம் போட்டாருல்ல? நீங்க பக்கத்துலதான் நின்னு போனைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

கேட்டது. எனக்குக் கேட்டது. செவ்வாய்க்கிழமை எழுதியபோது அதை விட்டுவிட்டேன், என் சொந்தக் கொப்பியிலேயே. பேர் இல்லையென்றால் அன்றைய சம்பளம் இல்லை. தெரியாதா உனக்கு? தெரியும்டா. வரிசை விறுவிறுவென்று நகருதே என்று சந்தோசப்பட்டாய்.

செப்டெம்பர் 10, புதன்

கூட்டத்துக்கு நாற்பத்தெட்டு மணித்தியாலம் முன்பு வரை படிவத்தை ரத்துச் செய்யலாம். லீவு போட்டு, ரத்துக் கடிதங்களோடு லயம் லயமாக ஏறினேன். கிடைத்தது 31.

வீரையா என்றொருவர், "போன வாரம் ஒரு தாளு, இந்த வாரம் ஒரு தாளு. அடுத்த வாரம் என்ன தொரை, லயத்தையே எழுதி வாங்கப் போறீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

செப்டெம்பர் 11

31 போதாது.

செப்டெம்பர் 12, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு சமாதான நீதவான் ஒருவரிடம் போய் சத்தியக் கடதாசி முடித்தேன். அதில் எழுதியது: கங்காணி மிரட்டியதைக் கேட்டேன். தடுக்கவில்லை. அதனால் என் வேலை சுலபமானது.

"மூணாவது வசனம் தேவையா? ஒங்களத்தானே அது மாட்டும்" என்றார் அவர்.

தேவை என்றேன். கம்பனிக்கு ஒரு பிரதி, கணக்காய்வாளருக்கு ஒன்று.

செப்டெம்பர் 15, திங்கள்

ஆறாம் தீர்மானத்தை ‘தற்போதைக்கு’ எடுத்துவிட்டார்கள். நாலு மணிக்கு நஸீம் நானா என் முகத்தைப் பார்க்காமல், "சாவிய வெச்சிட்டுப் போ" என்றார்.

உம்மாவிடம் ஆட்குறைப்பு என்று சொன்னேன். இன்னொரு பொய்.

நவம்பர் 6, வியாழன்

பாலாம்பிகை அக்காவின் அழைப்பு. விசேட கூட்டம் வருகிறதாம், அதே குத்தகைக்கு. புதிதாக ஒருவன் படிவங்களோடு பெரட்டுக்கு வந்திருக்கிறான்.

"யாரும் கிட்ட போகல தம்பி. ஞாயித்துக்கெழம கோயில் மண்டபத்துக்கு வாங்க, முழுசாத் தமிழ்ல வாசிச்சாத்தான் கையெழுத்துன்னு சொல்லிட்டோம்."

"நான் வந்து வாசிக்கட்டுமா?"

"வேணாம் தம்பி. நம்ம ஸ்கூல் தினுஷா டீச்சர் வாசிப்பாங்க. நீங்க வந்தா ஆளுங்க எந்திரிச்சுப் போயிருவாங்க."

தமிழாக்கத்தையாவது அனுப்பட்டுமா என்று கேட்டேன். "அனுப்புங்க. டீச்சர் சரி பாத்துக்குவாங்க."

தபாலில் வந்த அறிவித்தலை அக்கா போனில் படம் பிடித்து அனுப்பினார். மூன்று பக்கம். பின்னேரம் அனுப்பினேன். டீச்சர் ஒரு வரியைத் திருத்தித் திருப்பி அனுப்பினார். குத்தகை முடிந்ததும் நிலம் யாருக்கு என்ற வரி. நான் அவசரத்தில் பிழையாக எழுதியிருக்கிறேன். அவர் எழுதியதுதான் சரி.