முறிந்ததற்குச் சான்றில்லாத கை

மழை தவறாது பெய்க. மன்னவர் கோல் வளையாது நிற்க.

ஏழு மலைக்கும் இரண்டு ஆற்றுக்கும் உரியவராகிய கொடுவரைக் கோமானின் குடை நிழலில், நாட்டின் நாவும் செவியுமாக விளங்கும் பேரமைச்சர் வெண்ணாகனார் திருமுன்னுக்கு, வடக்குக் கணவாயின் காவற்றலைவன் காரி மூக்கன் எழுதுவித்து அனுப்பும் ஓலை. தலைநகரின் களஞ்சியம் நிறைக. தங்கள் குடியும் கிளையும் தழைக்க. இங்கே காவலர் நூற்றிருபதின்மரும் நலம். காவற்றலைவன் நலம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஆதலால் அது எழுதப்படவில்லை.

மூக்கன் எழுத்தறியாதவன் என்பது தாங்கள் அறிந்ததே. எழுதுகிறவன் ஒன்றைக் கேட்டு வேறொன்றைக் கீறிவிடுவான் என்ற ஐயம் அவனுக்கு எப்போதும் உண்டு. ஆகவே இவ்வோலையை இருவரைக் கொண்டு தனித்தனியே படிக்கச் சொல்லிக் கேட்டு, இரண்டும் ஒத்த பின்னரே முத்திரை இடுகிறான். சொல் கரடாக இருந்தால் குற்றம் அவனுடையது.

பேரணை கட்டும் மலையில் கல் உருண்டு கைகால் முறிவோர் பெருகியமையால், எலும்பு கட்டத் தெரிந்தவர் எந்நாட்டவராயினும் குடும்பத்தோடு வந்து குடியேறலாம் என்று சென்ற கார்த்திகையில் பறையறையப்பட்டது. ஆணை நல்ல ஆணை. அதன் வால்தான் நீளம். தம் நாட்டு மருத்துவர் கழகம் பொறித்துக் கொடுத்த செப்பேடு உடையவர் நேரே உள்ளே வரலாம். ஏடு இல்லாதவர் வாயிலுக்கு வெளியே சத்திரத்தில் முப்பது நாள் தங்கி, ஆய்வோர் மூவர் கண்முன் தம் வினையைக் காட்டவேண்டும். காட்டாதவரைக் கயிற்றில் கோத்து மலைக்கு அப்பால் விட்டுவிடவேண்டும்.

தை மாதம் நான்காம் நாள் உப்பாற்று நாட்டிலிருந்து கொற்றி என்னும் பெண்ணும் அவள் தமையன் அழிசியும் வந்தார்கள். அந்நாட்டை வென்றவர்கள், கழகத்தில் சேராத கைவினையரையெல்லாம் சங்கிலியிட்டு உப்பளத்தில் இறக்குகிறார்கள் என்பது தாங்கள் ஒற்றர் வாயிலாக அறிந்ததே. இறங்கியவர் மூன்று கோடை தாங்கியதாகக் கேள்வியில்லை. அவளிடம் செப்பேடு கேட்டபோது, தன் நாட்டில் பெண்ணுக்கு ஏடு பொறிப்பதில்லை என்றும், இருபத்திரண்டு ஆண்டாகத் தான் கட்டிய கைகால்கள் அந்நாடு முழுக்க நடமாடுகின்றன என்றும், அவற்றை மூட்டை கட்டிக் கொண்டுவர இயலவில்லை என்றும் சொன்னாள்.

மூக்கனுக்கு அவள்மேல் நம்பிக்கை வரவில்லை. வருகிறவர் எல்லாரும் வைத்தியர்தாம், தச்சர்தாம். உள்ளே விட்டபின் பார்த்தால் பாதிப்பேர் ஒற்றர். அவள் இவன் நடையை ஒருமுறை பார்த்துவிட்டு, அந்த இடது முழந்தாளுக்குக் கீழே வீக்கம் ஏறியபின் கட்டியிருக்கிறார்கள், அதனால்தான் எலும்பு கோணிக் கூடியிருக்கிறது என்றாள். காவலருள் எவனோ உளறியிருக்கிறான் என்றெண்ணி இவன் நால்வரைக் கூப்பிட்டு அதட்டினான். எவனும் உளறவில்லை. அக்காலைக் கட்டியவர் ஆய்வோருள் மூத்தவராகிய மகிழ்நக் கணியார். அவரிடம் செப்பேடு இரண்டு இருக்கிறது.

நாள் ஓடியது. அவளுக்குக் காட்ட ஓர் எலும்பு கிடைக்கவில்லை. காவலர் இருவர் மதிலிலிருந்து விழுந்தார்கள்; படைவீரன் உடல் அரசர் உடைமை, ஏடில்லாத கை அதைத் தொடலாகாது என்று ஆய்வோர் தடுத்தார்கள். ஓர் ஆட்டின் காலைக் கட்டிக் காட்டுகிறேன் என்றாள். ஆடுகள் ஆளும் நாட்டுக்குப் போய் அங்கே குடியேறிக்கொள் என்று அவர்கள் சிரித்தார்கள்.

அவள் தமையன் அழிசி வாயாடி. தங்கை பேசாததையெல்லாம் அவனே பேசித் தீர்ப்பான். காவலரோடு உண்டு, காவலரையே கேலி செய்வான். அவர்கள் வந்த இருபத்து நான்காம் நாள் நண்பகலில், நெல் வண்டி வாயில் முற்றத்தில் திரும்பும்போது, அவன் பேசிக்கொண்டே போய் வலக்கையைச் சக்கரத்தின் கீழ் வைத்தான். கால் இடறியது என்று பிறகு சொன்னான். முற்றத்தில் நின்ற எழுவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், மூக்கனும் பார்த்தான். இடறியவன் கையை மடக்குவான். இவன் நீட்டினான்.

கை முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே தொங்கிற்று. வலியில் முகம் சாம்பலாகியும் அவன் வாய் அடங்கவில்லை. ஏடு ஏடு என்று கேட்டார்களே, இதோ ஏடு, அவர்களைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள் என்றான். ஆய்வோருக்கு ஆள் போயிற்று. அவர்கள் உண்டு உறங்குவதாகவும், எழுந்து வருவதாகவும் விடை வந்தது. மூக்கன் இரண்டாம் ஆளை விட்டான். அதே விடை.

கொற்றி கையைத் தொட்டுப் பார்த்தாள். வீக்கம் ஏறத் தொடங்கிவிட்டது, இனிப் பொறுத்தால் கை கோணும் என்றாள். பொறு, அவர்கள் வரட்டும், அவர்கள் பாராமல் நீ கட்டினால் நான் கையைக் கொடுத்தது வீண் என்று அவன் கெஞ்சினான், பிறகு வைதான், பிறந்த நாள்முதல் சொன்ன சொல் கேளாத கழுதை என்றான். அவள் அவன் வாயில் துணியைத் திணித்தாள். இரண்டு காவலரை அவன் தோளைப் பிடிக்கச் சொல்லி, மணிக்கட்டைப் பற்றி இழுத்து, மற்றக் கையின் விரல்களால் எலும்பைத் தேடித் தேடிப் பொருத்தி, உளுந்து மாவும் முட்டை வெண்கருவும் தோய்ந்த துணியைச் சுற்றி, மூங்கில் தப்பை நான்கு வைத்துக் கட்டினாள். ஒரு பானைச் சோறு வேகும் நேரம் ஆகவில்லை. கட்டி முடித்த பின்தான் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

ஐந்து நாழிகை கழித்து ஆய்வோர் வந்தார்கள். கட்டை அவிழ் என்றார்கள். அவிழ்த்தால் பொருந்திய எலும்பு நழுவும், அவிழ்க்க மாட்டேன் என்றாள். காண்பிக்க மறுத்தாள் என்று அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

முப்பது நாள் முடிந்தது. நோயுற்றவனையும் அவனைப் பேணுபவரையும் நோய் தீருமட்டும் வாயிலிலிருந்து விரட்டலாகாது என்று பழைய விதி ஒன்று உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு மூக்கன் அவர்களை நிறுத்திவைத்தான். தெரிந்துதான் செய்தான். அவர்கள் வந்த நாற்பத்தைந்தாம் நாள் ஆய்வோர் முன்னிலையில் கட்டு அவிழ்ந்தது. கை மெலிந்திருந்தது, அம்புபோல் நேராக இருந்தது. விரல் ஐந்தும் மடங்கின, மணிக்கட்டு சுழன்றது. மூக்கன் இவ்வாழ்நாளில் நான்கு போர் கண்டவன். முறிந்த கை அப்படிக் கூடி அவன் கண்டதில்லை.

மகிழ்நக் கணியார் அக்கையைத் தடவினார். மேலும் கீழுமாகத் தடவினார். பிறகு, இக்கையில் முறிவின் வடு சிறிதும் இல்லை, வடு இல்லாமையால் இது முறிந்த கை அன்று, முறியாத கையைக் கட்டி அவிழ்ப்பது வினையாகாது என்று தீர்ப்புரைத்தார். முற்றத்தில் எழுவர் கண்டோமே என்று மூக்கன் சொன்னான். எலும்பு முறிந்ததா, தசை நசுங்கிற்றா என்று அறிய ஏடு பெற்ற கண் வேண்டும், காவலர் கண் போதாது என்றார். முறியாத கைக்கு நோயாளி என்று முப்பது நாளுக்கு மேலும் சோறு போட்டது எந்த விதி என்று மூக்கன் கேட்டதற்கு, அது காவற்றலைவர் தலைநகருக்குச் சொல்லவேண்டிய விடை என்றார்.

அவர் ஒரு வழியும் சொன்னார், அதையும் மறைக்கலாகாது. எங்கள் கண்முன்னே மீண்டும் முறியட்டும், பார்த்து முடிவு செய்கிறோம் என்றார். அழிசி சிரித்துக்கொண்டு இடக்கையை நீட்டினான். இம்முறை சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள் அல்லவா என்று கேட்டான். கொற்றி அக்கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். எலும்பைக் கூட்டுவது தன் தொழில் என்றும், முறித்துக் காட்டித்தான் அதை மெய்ப்பிக்கவேண்டுமாயின் தனக்கு இந்நாடு வேண்டாம் என்றும் சொன்னாள். தமையன் அவளை எவ்வளவோ திட்டினான். அவள் அசையவில்லை.

ஒரு நாளில் வெளியேற்றவேண்டும் என்பது விதி. தலைநகர் போய் விடை வரப் பதினெட்டு நாள். மூக்கன் வாயிலைத் திறந்து உள்ளே விட்டிருக்கலாம். விட்டிருந்தால் அவன் தலை போயிருக்கும். எழுபத்தொரு வயதில் அந்தத் தலைக்கு என்ன விலை இருக்கிறது என்று அன்று முழுதும் எண்ணிப் பார்த்தான். எண்ணிப் பார்த்தும் உயிர்மேல் ஆசை விடவில்லை. இதை எழுத்தன் எழுதத் தயங்கினான். எழுது என்று மூக்கனே சொன்னான்.

மறுநாள் காலையில் கயிறு கொண்டுவந்தார்கள். வழக்கப்படி வலக்கை மணிக்கட்டில் கட்டவேண்டும். கொற்றி தனக்காக ஒன்றும் கேட்கவில்லை. ஐயா, அவன் வலக்கையில் கட்டாதீர்கள், இன்னும் இருபது நாளைக்கு அந்த எலும்பு இழுப்பு தாங்காது என்றாள். ஆய்வோர் மூவரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். மூக்கன் அவன் கயிற்றை இடுப்பில் கட்டச் சொன்னான். மலைக்கு அப்பால் உப்பளத்துக்கு ஆள் பிடிப்போரின் குதிரைகள் நிற்பது மதிலிலிருந்தே தெரிந்தது.

வெளியேற்ற ஓலையை ஆய்வோர் எழுதி முத்திரைக்கு நீட்டினார்கள். அதில் இவள் வினை அறியாள், ஆகவே வெளியேற்றப்பட்டாள் என்று இருந்தது. அதற்கு மூக்கன் முத்திரை இடவில்லை. தன் எழுத்தனைக் கொண்டு வேறோர் ஓலை கீறச் செய்து, அதற்கே இட்டான். அது இவ்வோலையோடு வருகிறது. அதன் வாசகம்: இவள் வினை அறிவாள், காவற்றலைவன் கண்ணால் கண்டான், ஏடு இல்லாமையால் வெளியேற்றப்பட்டாள்.

அவ்வாசகத்தில் ஓர் எழுத்தும் மாறாமல் அதை அரசுக் கருவூலத்தில் வைக்கவேண்டும் என்பது இக்கிழவன் தங்களிடம் வேண்டுவது. பேரணையில் அடுத்த கல் உருளும்போது, எலும்பு கட்ட ஆள் ஏன் இல்லை என்று மன்னவர் கேட்பார். அப்போது அதை எடுத்துப் படிக்க.

இது வடக்குக் கணவாயின் கல்வாயிலில், மாசி மாதம் இருபதாம் நாள், காரி மூக்கன் சொல்ல எழுதி, இருமுறை படித்துக் கேட்டு, புலிநக முத்திரை இட்டது. கொண்டுவருகிறவனை விடை இல்லாமல் திருப்பி அனுப்பற்க. அறம் இருக்குமாயின் காக்க.