கால் பட்ட புத்தகம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் நோவு இப்போது எப்படி? நான் சுகம். இரண்டு ஷிப்ட் செய்வதால் களைப்புத்தான்.

நேற்று நூலகத்தைக் கூட்டும்போது, கீழே கிடந்த புத்தகமொன்றில் கால் பட்டுவிட்டது. எடுத்துக் கண்ணில் ஒற்றினேன். என்னோடு வேலை செய்யும் நகுலேஸ்வரி அன்ரி சிரித்தார்.

“என்ன பிள்ளை, வெள்ளைக்காரன்ர புத்தகத்தையும் கும்பிடுறியோ?”

அதைப் பார்த்த நூலகர் அருகே வந்தார். அன்ரிதான் அவருக்கு ஆங்கிலத்தில் விளக்கி, அவர் சொன்னதை எனக்குத் தமிழில் சொன்னார். அது வெள்ளைக்காரர் எழுதியதல்ல, இந்த நாட்டின் வடக்கே பனிநிலத்தில் வாழும் இனுயிட் மக்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதியது என்றார் நூலகர். அவர்களைப் பற்றி ஒரு தட்டு நிறையப் புத்தகங்கள் இருக்கின்றனவாம். வாசிக்க விருப்பமா என்று கேட்டார். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தலையாட்டினேன். என் பெயரில் பதிந்து தந்துவிட்டார்.

அதில் ஒரு படம். சின்ன விமானத்தில் ஏறப்போகும் ஒரு பிள்ளை, தள்ளிப் பனியில் நிற்கும் தாய். தாய் சொன்னது கீழே நாலு வரியில் இருக்கிறது. ‘அம்மா சொன்னார்’ என்ற இரண்டு சொல்தான் எனக்கு விளங்கியது.

அலுமாரியில் இருக்கும் என் ஆங்கில அகராதியைக் கெதியாக அனுப்புங்கள். மூன்று கிழமையில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாய் என்ன சொன்னார் என்று அறியாமல் கொடுக்க மனமில்லை.

பஸ் வருகிறது.

உங்கள் மகள்,
தாரகா