முதல் கியரில் முப்பது அடி

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையிலேயே வெயில். முதலில் ஒரு மன்னிப்பு, யாரிடம் என்று தெரியவில்லை. இது ஒர்க்‌ஷாப் நோட்டு. முன்பக்கமாக வண்டிகளின் குறைகளை எழுதுகிறேன். பின்பக்கத்திலிருந்து இது. நமக்கெல்லாம் எழுத என்ன இருக்கிறது என்றுதான் இத்தனை நாள் எழுதவில்லை.

சிவப்பு ஹாட்ச்பேக் வந்தது. சின்ன உடம்பு, பெரிய இன்ஜின். வண்டி நஸீமா அக்காவுடையது. அவர்கள் குடும்பத்து ஷூ கம்பெனியில் டிசைன் பார்க்கிறார். போன வாரம் ஏலகிரியிலிருந்து இறங்கும்போது பாதி மலையில் பிரேக் சூடேறி, பிடிக்காமல் போயிருக்கிறது.

"இன்னா டேவிட்ணா, பெடல மிதிச்சா பஞ்சு மேல கால் வெச்ச மாதிரி போவுது. இன்ஜின மட்டும் ஏத்திக் குடுத்தீங்க. நிறுத்துறது யாரு, உங்க மாமனாரா?"

டேவிட் அண்ணன்தான் ஒர்க்‌ஷாப் முதலாளி, பெரிய மெக்கானிக்கும் அவரே. "ஓடத்தான ஆசப்பட்டீங்க. நிக்கணும்னு இப்பதான சொல்றீங்க" என்றார்.

மேசையில் உட்கார்ந்து ஜாப் கார்டு எழுதினேன், அதுதான் இங்கே என் வேலை. முன் சக்கர பிரேக் டிஸ்க் பெரிய சைஸ். அதைக் கவ்வ நாலு பிஸ்டன் காலிப்பர். பேட். ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ். புது பிரேக் ஆயில். கடைசி வரி, ஓட்டிப் பார்ப்பவர்: டேவிட். பதினொரு மாதமாக அந்த வரியில் அந்தப் பெயர்தான். எழுதுகிற கை என்னுடையது.

கேட்டிலிருந்து வண்டியை உள்ளே விட்டது நான். முப்பது அடி. முதல் கியர். மெக்கானிக்கல் பட்டம் இருக்கிறது, எங்கள் வீட்டின் முதல் பட்டம். லைசென்ஸும் இருக்கிறது. இரண்டாவது கியர் போடத்தான் இடமில்லை.

சீட்டில் அத்தர் வாசனை. இன்ஜினை அணைத்த பிறகும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

மூட்டம். மழை இல்லை. அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து வாங்க மறக்கக் கூடாது.

பார்சல் வந்துவிட்டது. டிஸ்க் நினைத்ததைவிடக் கனம்.

ஒர்க்‌ஷாப்பில் துடைக்கிற பனியன் வேஸ்ட் தீர்ந்துபோயிருந்தது. அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். சூப்பர்வைசரிடம் கேட்டுக் கொண்டுவந்த துண்டுத் தோல் வீட்டில் ஒரு பை கிடந்தது. மெத்தென்ற ஆட்டுத்தோல். சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தேன்.

"ஆம்பூர்ல தோலுக்கா பஞ்சம்" என்றார் அண்ணன். பிறகு, "நீயும் வா. டார்ச் புடி."

மேசையை விட்டு வரச் சொன்னது இதுதான் முதல் தடவை.

இடது டிஸ்கில் கிளீனர் அடித்துத் தோலால் துடைத்தார். கண்ணாடி மாதிரி ஆயிற்று. வலது பக்கம் போவதற்குள் கடையிலிருந்து பனியன் வேஸ்ட் மூட்டை வந்துவிட்டதால் அதற்குத் துணி. கடைசி போல்ட்டை என்னையே முறுக்கச் சொன்னார். சரியான இறுக்கம் வந்ததும் ரெஞ்ச் 'டக்' என்றது. வீட்டுக்கு நடக்கும்போதும் அது கைக்குள்ளேயே இருந்தது.

(மருந்து வாங்கவில்லை.)

ஆகஸ்ட் 7, வியாழன்

வெயில், புழுக்கம்.

உரசிப் பிடிக்கிற புது பேட் புது டிஸ்கோடு பழக வேண்டும். எண்பதில் போய் இருபது வரை அமுக்கி, மறுபடி எண்பது. பத்துத் தடவை. நடுவில் நிறுத்தக் கூடாது. சூட்டோடு நின்றால் டிஸ்கில் தழும்பு விழும். டேவிட் அண்ணன் ஓட்ட, பக்கத்தில் நஸீமா அக்கா. பைபாஸ் பக்கம் போனார்கள். நான் கேட்டில் நின்றேன். விலகிப் போகிற எந்த வண்டியையும் இப்படிப் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது தெருமுனையிலேயே கிறீச்சிடுகிறது. பிரேக் போட்டால் வண்டி வலது பக்கம் இழுக்கிறதாம்.

"பேஜாரா போச்சு. பழைய பிரேக்கே தேவலண்ணா. அது சத்தம் போடாம ஏமாத்துச்சு."

"பேட் டூப்ளிகேட்டு. நாளைக்கு சாயங்காலம் கொரியர்ல திருப்பி அனுப்பிடலாம்."

"ஞாயித்துக்கெழம ஏலகிரி போறனே?"

"பழசயே மாட்டித் தரேன். மெதுவா எறங்குங்க."

விற்றவருக்குப் புகார் மெயில் அடிக்கச் சொன்னார். 'வலது பக்கம் இழுக்கிறது' என்று அடித்தேன். வலது பக்கம் இழுத்தால் இடதுதான் பிடிக்கவில்லை. இடது. கை நின்றுவிட்டது. மெயிலை அனுப்பவில்லை.

வீட்டில்:

"அம்மா, அந்தத் துண்டுத் தோல்ல எண்ணெ இருக்குமா?"

"எண்ணெ இல்லாம தோலு மெத்துன்னு எப்டிடி இருக்கும்? டேனரில பதம் போடும்போதே கொழுப்பு ஏத்தித்தான் அனுப்புறான். இன்னாத்துக்குக் கேக்கற?"

"சும்மா."

கிளீனர் எந்த எண்ணெயையும் கரைக்கும். கரைந்தது டிஸ்கில் ஏறியிருக்கிறது. நான் கொடுத்த பை.

சொன்னால் மேசைக்கே திரும்ப வேண்டியதுதான். இனி டார்ச்சும் கிடைக்காது. சொல்லாவிட்டால் நல்ல பேட் திரும்பிப் போகும், அக்கா அந்தப் பஞ்சு பெடலோடு மலை இறங்குவார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மழை பெய்து விட்டிருக்கிறது. காற்றில் டேனரி வாசனை ஜாஸ்தி.

"மெயில் போச்சா?"

"இல்லண்ணா."

"ஏன்?"

ஒரு துண்டுத் தோலில் கிளீனர் அடித்து வெள்ளைத் தாளில் வைத்து அழுத்தினேன். பஜ்ஜி மடித்த தாள் மாதிரி ஆயிற்று. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். "இடது பக்கம் மட்டும்தாண்ணா இதால தொடச்சது. பை நான் குடுத்தது."

அண்ணன் தாளையே பார்த்தார். "குடுத்தது நீ. தொடச்சது யாரு?" தாளை மடித்து பாக்கெட்டில் வைத்தார். "இருபது வருசத் தொழிலு. தோலூர்க்காரன் தோலாலயே உழுந்தேன் பாரு."

நஸீமா அக்காவுக்கு போன் போட்டுச் சொன்னார். ஸ்பீக்கரில் சிரிப்பு. "எந்தக் கம்பெனித் தோலு?" என்றார். அவர்களுடையதுதான். அம்மா அங்கேதான் என்று இதுவரை நான் சொன்னதில்லை. இன்று சொன்னேன்.

"கட்டிங்ல நிர்மலாக்காவா? அவங்க பொண்ணா நீ? ஒரு வருசமா என் வண்டிய உள்ள விடற, வாயத் தொறக்கலியே."

பேட்டில் எண்ணெய் மேலாகத்தான் ஏறியிருக்கிறது, உள்ளே இறங்கவில்லை. இடது பேட் இரண்டையும் அண்ணன் என் கையில் கொடுத்தார். "நீயே தேயி." உப்புத்தாளில் ஒரு மணி நேரம். டிஸ்கைப் புதுத் துணியால் மூன்று முறை துடைத்தோம். போல்ட்டுகள். டக். டக். இந்த முறை ஐந்தும் நானே.

நாளைக் காலை ஆறு மணிக்கு மறுபடி அந்தப் பத்துத் தடவை. அதற்குப் புது ஜாப் கார்டு எழுதி மூடும்போது பார்த்தேன். கடைசி வரியை நிரப்பாமல் விட்டிருக்கிறேன்.

அம்மாவுக்கு மருந்து வாங்கியாயிற்று.

ஆகஸ்ட் 9, சனி

ஆறடிக்கப் பத்து நிமிடம். கேட்டில் நின்றபடி எழுதுகிறேன். பானெட்டில் ஈரம். நஸீமா அக்கா பக்கத்து சீட்டில் பன் பிய்த்துத் தின்கிறார். அண்ணன் டீக்கடையில். சாவி என்னிடம், வண்டியை வெளியே எடுத்து நிறுத்தியது நான். முப்பது அடி.

பத்தில் ஒரே ஒரு தடவை கேட்கலாம் என்றுதான் வழியெல்லாம் ஒத்திகை. அது ஆகாது. நடுவில் நிறுத்தக் கூடாத வேலை, ஆள் மாற முடியாது. கேட்டால் முழுதாகத்தான் கேட்க வேண்டும்.

அண்ணன் கிளாஸை வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டுகிறார். சாவிக்குக் கை நீட்டுவார். எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணா, பத்தும் நானே ஓட்டட்டுமா?